பத்துப் படத்தில் இரண்டு இருட்டு: ஃப்ளாஷ் ஏன் கைவிடுகிறது?

கேள்வி: அண்ணா, நான் சில வருடங்களாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். கேனான் மிரர்லெஸ் கேமரா. முகூர்த்தத்துக்கு ஃப்ளாஷைக் கேமரா மேலேயே மாட்டி, வெளிச்சம் சீலிங்கில் பட்டுத் திரும்பி வரும்படி பவுன்ஸ் செய்து எடுப்பேன். ரிசப்ஷனுக்கு ஸ்டாண்டில் இரண்டு ஃப்ளாஷ், அவற்றை ரேடியோவில் அடிக்க வைக்கும் ட்ரிகர் கேமராவில். கொஞ்ச நாளாகப் பத்துப் படத்தில் இரண்டு மூன்று இருட்டாக வருகிறது. போன கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலேயே அடிக்காமல் போய்விட்டது. ஸ்டாண்ட் ஃப்ளாஷ் சில சமயம் அடிப்பதில்லை, சில சமயம் நான் அழுத்தாமலே அடிக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. புது பேட்டரி போட்டும் அப்படியேதான். கடைக்காரர் ஃப்ளாஷை மாற்றச் சொல்கிறார். மாமாவின் பழைய ஃப்ளாஷ் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அவசரத்துக்கு அதை மாட்டலாமா? ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கிறது.

பதில்: அன்புத் தம்பி, தாலி கட்டும் படத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாது. அந்தப் பதைப்பு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் புது ஃப்ளாஷுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். வீட்டில் ஒழுங்காக அடிக்கிற ஃப்ளாஷ் மண்டபத்தில் மட்டும் தடுமாறினால், கோளாறு பெரும்பாலும் ஃப்ளாஷுக்குள் இருக்காது. மண்டபத்தில் அதனிடம் நாம் வாங்கும் வேலையில் இருக்கும், அல்லது சுற்றியிருப்பவர்களின் கருவிகளில் இருக்கும். நீங்கள் அழுத்தாமலே அடிக்கிறது என்றீர்களே, அதற்கும் காரணம் ஏறக்குறைய நிச்சயமாக வெளியேதான்.

முதலில் ஒன்று செய்யுங்கள். அந்த இருட்டுப் படங்களை அழிக்காமல் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். இருட்டில் மூன்று ரகம் உண்டு. ஃப்ளாஷ் வெளிச்சமே விழாத படம் ஒன்று. விழுந்தும் போதாமல் மங்கலாக இருக்கும் படம் இன்னொன்று. படத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் கறுப்புப் பட்டை விழுந்து மற்ற பகுதி சரியாக இருப்பது மூன்றாவது.

மூன்றாவது ரகம் என்றால் ஃப்ளாஷ் ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறது, ஷட்டர் ஸ்பீடுதான் கூடிவிட்டது. ஃப்ளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் ஸ்பீடுக்கு சிங்க் ஸ்பீடு என்று பெயர், பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் சென்சார் முழுதாகத் திறந்திருக்கும் கணமே கிடையாது. கேமரா மேல் மாட்டிய ஃப்ளாஷில் கேமராவே இதைத் தடுத்துவிடும். ட்ரிகர் வழியாக மேனுவலில் அடிக்கும்போது பல சமயம் தடுக்காது. 1/160-ல் வைத்து எடுங்கள், பட்டை போய்விடும்.

முதல் ரகப் படங்களோடு கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் விவரத்தில் ஃப்ளாஷ் என்ற இடத்தைப் பாருங்கள். "அடிக்கவில்லை" என்று இருந்தால், ஃப்ளாஷ் தயாராக இல்லை என்றோ, ஃப்ளாஷே மாட்டவில்லை என்றோ அந்த நொடியில் கேமரா நினைத்திருக்கிறது. "அடித்தது" என்று இருந்தால் கேமரா ஆணை கொடுத்துவிட்டது என்பது வரைக்கும்தான் நம்பலாம். ஃப்ளாஷ் உண்மையில் அடித்ததற்கு அது சாட்சி ஆகாது.

அப்புறம் வீட்டில் ஒரு சோதனை. ஃப்ளாஷைக் கேமரா மேல் மாட்டி, மேனுவல் மோடில் 1/64 பவரில் வைத்து, கேமராவை லேசாக ஆட்டி அசைத்துக்கொண்டே ஐம்பது அறுபது படம் எடுங்கள். 1/64-ல் பேட்டரிக்கும் வேலை இல்லை, சூடும் ஏறாது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் சந்தேகம் கேமராவில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூ மேல், அதாவது தொடர்பு மேல். ஒன்றுகூட விடவில்லை என்றால் தொடர்பு நன்றாக இருக்கிறது, தேட வேண்டியது பவர் பக்கம். பாதிக் குழப்பம் இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் பவர்தான் முதல் குற்றவாளி என்று நினைக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மண்டபத்து சீலிங் உயரம். அதில் பவுன்ஸ் அடித்தால் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் நிறையச் சிதறிப்போகும். அதை ஈடுகட்ட, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமராவே கணக்கிடும் டிடிஎல் முறை ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட முழு பவரைக் கேட்கும். ஒரு முழு அடிக்குப் பிறகு, உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் மறுபடி நிரம்ப, நாலு டபுள்-ஏ செல் போடும் ஃப்ளாஷில் இரண்டரையிலிருந்து ஐந்து விநாடி வரை ஆகும். கெட்டிமேளம் கொட்டியதும் நம் விரல் பட்டனை விடுமா? நாம் விநாடிக்கு நாலைந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் படம் பளிச். அடுத்தது இருட்டு. அதற்கடுத்தது, பாதி நிரம்பிய கெபாசிட்டரில் அடித்து மங்கல். வீட்டில் ஒவ்வொன்றாக, நிதானமாக, தாழ்ந்த சீலிங்கின் கீழ் சோதிக்கிறோம், அதனால் அங்கே ஒரு குறையும் தெரியாது. ரெடி விளக்கு எரிந்துவிட்டதே என்று பார்க்காதீர்கள். பல ஃப்ளாஷ்களில் முழுதாக நிரம்புவதற்கு முன்பே அது எரிந்துவிடும்.

இதற்கு மருந்து கேமராவில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 400-ல் எடுக்கிறீர்கள் என்றால் 3200-க்கு ஏற்றுங்கள். அது மூன்று ஸ்டாப், அதாவது மூன்று தடவை இரட்டிப்பு. முழு பவர் கேட்ட இடத்தில் 1/8 பவர் போதும் என்றாகிவிடும். ஒரு தடவை நிரம்பிய கெபாசிட்டர் ஒரு படத்தோடு காலியாகாமல் நாலைந்து படத்துக்குத் தாங்கும். இன்றைய கேமராக்களில் 3200-க்குப் பயப்படவே வேண்டாம். கொஞ்சம் நாய்ஸ் இருக்கிற தாலிப் படத்தை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மேலே கலர் துணிப் பந்தல் போட்டிருந்தால் பவுன்ஸையே விட்டுவிடுங்கள். வெளிச்சமும் வீண், முகமெல்லாம் அந்தத் துணியின் நிறம் அடிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நேராக, குறைந்த பவரில், வெள்ளை கார்டு வைத்து அடித்தால் போதும்.

இனி பேட்டரி. "புது பேட்டரி" என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன பேட்டரி என்று எழுதவில்லை. கடையில் கிடைக்கும் ஆல்கலைன் செல் என்றால் அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் கல்யாண வேலைக்கு ஆகாது. ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்தால் ஆல்கலைன்தான் பலசாலி மாதிரி தெரியும். ஆனால் ஆல்கலைனுக்கு உள்தடை அதிகம். ஃப்ளாஷ் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். தொட்டி பெரிதாக இருந்தும் குழாய் மெல்லியதாக இருந்தால் வாளி நிரம்ப நேரமாகும் அல்லவா, அதே கதை. ரேடியோவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடும் மலிவான துத்தநாக-கார்பன் செல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சான்யோ நிறுவனம் 2005-ல் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு இந்த ரகம் பரவியது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. 2000 எம்ஏஎச் அளவில் இருக்கும் செல்லே நம் வேலைக்குத் தாராளம். 2500 என்று போட்டது ஒரு சார்ஜில் கூடுதலாக ஓடும், ஆனால் ரீசார்ஜ் செய்யக்கூடிய தடவைகள் குறைவு. கட்டாயம் செய்ய வேண்டியது இது: நாலு செல்லையும் ஒரு குடும்பமாக வைத்திருங்கள். மார்க்கர் பேனாவால் "அ" செட், "ஆ" செட் என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் எழுதிவிடுங்கள். நாலில் ஒன்று களைத்துப்போனால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் பயனில்லை. எல்லாம் வரிசையாக இணைந்திருப்பதால் அந்த ஒன்று எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்கும். கண்டுபிடிப்பது சுலபம். வேலை முடிந்து வந்ததும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்று 1.25 காட்டும்போது ஒன்று மட்டும் 1.1 காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டான். அந்த செட்டைச் சுவர்க் கடிகாரத்துக்கு அனுப்பிவிட்டு, ஃப்ளாஷுக்குப் புது செட் போடுங்கள். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிற வகையாக இருக்கட்டும். ஜோடி ஜோடியாக மட்டும் சார்ஜ் ஏற்றும் மலிவு சார்ஜர்தான் பல செட்டுகளைக் கெடுக்கிறது.

1.5 வோல்ட் லித்தியம் ரீசார்ஜ் செல் என்று இப்போது விற்கிறார்கள். அதற்குள் வோல்டேஜைக் குறைக்கும் குட்டி சர்க்யூட் ஒன்று இருக்கிறது. ஃப்ளாஷ் கேட்கும் கரண்ட்டை அது எல்லா நேரமும் தராது, சில செல்கள் நடுவில் கட் ஆகிவிடும். ஃப்ளாஷுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. அடுத்த ஃப்ளாஷ் வாங்கும் காலம் வரும்போது சொந்த லித்தியம் பேட்டரி பேக் உள்ள மாடலாக வாங்குங்கள். முழு அடிக்குப் பிறகு ஒன்றரை விநாடியில் தயாராகிவிடும் மாடல்கள் இருக்கின்றன.

செல் போடும் அறையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கிலோ தகட்டிலோ வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் எப்போதோ ஆல்கலைன் கசிந்திருக்கிறது. அது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு முறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். ஒரு சொட்டுதான். உள்ளே வழியக் கூடாது.

சரி, அசைக்கும் சோதனையில் ஃப்ளாஷ் விட்டுவிட்டு அடித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஹாட் ஷூவைப் பாருங்கள். கேனானில் நடுவில் பெரிய புள்ளி ஒன்று, அதைச் சுற்றிச் சிறியது நான்கு. அடி என்ற ஆணை போவது பெரிய புள்ளி வழியாக. அந்தச் சுற்று முழுமையடைவது பக்கத்துத் தண்டவாளம் வழியாக, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் வியர்வையும், கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் இரண்டையும் மெல்லிய படலமாக மூடும். கண்ணுக்கு சுத்தமாகத்தான் தெரியும். ஃப்ளாஷின் காலில் இருக்கும் பின்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை பிரஷால் தள்ளுங்கள். கேமராவுக்கு மேலே வைத்துத் தேய்க்காதீர்கள், தள்ளி வைத்து. பிறகு கேமராப் பக்கத்துப் புள்ளிகளையும் தண்டவாளத்தின் உட்புறத்தையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அப்புறம் சீக்கிரமே களிம்பு ஏறும். 2021-ல் வந்த ஆர்3 தொடங்கி கேனானின் பல புது மாடல்களில் ஷூவின் முன்பக்க உள்விளிம்பில் 21 நுண்ணிய பின்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படி என்றால் அவற்றின் மேல் எதையும் தேய்க்காதீர்கள், ப்ளோயரால் ஊதினால் போதும்.

மாட்டும்போது ஃப்ளாஷ் கடைசி வரை உள்ளே போகிறதா, பூட்டினால் அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளாஷோடு கேமராவைத் தூக்கித் தூக்கியே கால் ஆட்டம் கண்டிருக்கும். காலையும் ஷூவையும் பிடித்திருப்பவை சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள்தான், அவை தளர்வது சகஜம். ஃப்ளாஷின் கால் தனி உதிரிபாகமாகவே கிடைக்கும். காலுக்காக ஃப்ளாஷை மாற்ற வேண்டியதில்லை.

பவுன்ஸ் அதிகம் செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு. ஃப்ளாஷின் தலையை மேலும் கீழும் திருப்பித் திருப்பி, மடியும் இடத்தில் போகும் ஒயர் உள்ளுக்குள் நைந்துபோகும். தலை நேராக இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மேலே தூக்கினால் விட்டுவிட்டு அடிக்கும். வீட்டில் சோதிக்கும்போது தலையை ஒவ்வொரு கோணத்திலும் நிறுத்தி, டெஸ்ட் பட்டனை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் விட்டால் இதுதான். சர்வீஸில் கொடுத்தால் சரியாகிவிடும்.

இப்போது ரிசப்ஷனுக்கு வருவோம். நீங்கள் அழுத்தாமலே அடிக்கிறது என்றால் வேறு யாரோ அழுத்துகிறார்கள். பெண் வீட்டார் வைத்த ஆள் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் வைத்த ஆள் ஒருவர் என்று ஒரே மேடைக்கு முன்னால் இரண்டு டீம் நிற்பது நமக்குப் புதிதல்ல. இருவரிடமும் பெரும்பாலும் ஒரே கம்பெனி ட்ரிகர். இருவரும் டப்பாவைத் திறந்தபோது இருந்த சேனல் 1-லேயே விட்டிருப்பார்கள். அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் ஃப்ளாஷும் சேர்ந்து அடிக்கும். அது மறுபடி நிரம்புவதற்குள் நீங்கள் அழுத்தினால் உங்களுக்கு இருட்டு. உங்கள் இரண்டு புகாருக்கும் வேர் இந்த ஒன்றாகவே இருக்கலாம். கோடாக்ஸ் எக்ஸ் வகை ட்ரிகர்களில் 32 சேனல் இருக்கிறது, அதற்கு மேல் 1 முதல் 99 வரை ஐடி என்று ஒன்றும் இருக்கிறது. ஐடியை உங்களுக்கென்று ஒரு எண்ணாக வைத்து, ட்ரிகரிலும் எல்லா ஃப்ளாஷிலும் அதையே போடுங்கள். மேடை ஏறுவதற்கு முன் அந்தப் பக்கத்து போட்டோகிராபரிடம் போய், "அண்ணே, நீங்க எந்த சேனல்?" என்று கேட்டுவிடுங்கள். அரை நிமிட வேலை, இரண்டு பேருடைய படமும் பிழைக்கும்.

ஸ்டாண்ட் ஃப்ளாஷின் திரையில் எஸ்1 அல்லது எஸ்2 என்று தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது ரேடியோவில் இல்லை, வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் மோடில் இருக்கிறது. மண்டபத்தில் யாருடைய ஃப்ளாஷ் அடித்தாலும் கூடவே அடிக்கும். பையில் போடும்போது பட்டன் பட்டு இப்படி மாறிவிடுவது உண்டு.

இந்த ட்ரிகர்கள் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபை அதில்தான், ட்ரோன் ரிமோட்கள் பலவும் அதில்தான், வீடியோக்காரர்களின் சின்ன ஒயர்லெஸ் மைக்குகளும் அதில்தான். நிறைந்த மண்டபத்தில் இந்த அலைவரிசையில் நெரிசல் இருக்கத்தான் செய்யும். சில ட்ரிகர்களில் காலியான சேனலைத் தேடிக் காட்டும் ஸ்கேன் வசதி இருக்கிறது, மண்டபத்துக்குள் போனதும் அதை ஓடவிடுங்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கூட்டமும் இந்த அலையை விழுங்கும். ஃப்ளாஷ் தலைகளுக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்டை உயர்த்துங்கள். ஃப்ளாஷ் மிகப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அடிக்கவில்லை என்றால், ட்ரிகர் மெனுவில் தூரத்துக்கான செட்டிங்கைத் தேடுங்கள். கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ போன்றவற்றில் 1-100 மீட்டர், 0-30 மீட்டர் என்று இரண்டு இருக்கும். மேடை வேலைக்கு 0-30 சரி. ட்ரிகருக்குள் இருக்கும் செல்லையும் மறக்காதீர்கள். ஃப்ளாஷுக்குப் பார்த்துப் பார்த்துப் போடுவோம், ட்ரிகரில் போன வருடத்து செல் கிடக்கும்.

ரிசப்ஷனில் இன்னொரு எதிரி சூடு. மொய் வரிசை தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு இடைவெளி கிடையாது. முழு பவரில் தொடர்ந்து முப்பது அடிக்கு மேல் போகாதே, போனால் பத்து நிமிடம் ஓய்வு கொடு என்று பல ஃப்ளாஷ்களின் மேனுவலிலேயே போட்டிருக்கிறார்கள். மீறினால் ஃப்ளாஷ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிரம்பும் நேரத்தைப் பத்து விநாடிக்கு மேல் இழுத்துவிடும். சிங்க் ஸ்பீடைத் தாண்டியும் அடிக்க வைக்கும் ஹை ஸ்பீடு சிங்க் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும். இங்கேயும் ஐஎஸ்ஓவை ஏற்றி பவரைக் குறைப்பதுதான் வழி. முடிந்தால் கூடுதலாக ஒரு ஃப்ளாஷ் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

செட்டிங் பக்கம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மந்திரம் ஓதும்போது சத்தம் வேண்டாமே என்று சைலண்ட் ஷட்டர் போடும் வழக்கம் இருந்தால், பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஆடியில் வேலை இருக்காது, ஃப்ளாஷ் பையிலேயே தூங்கும். செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கெபாசிட்டர் சோம்பிப்போகும், முதல் சில அடிகளுக்கு நிரம்ப அதிக நேரம் எடுக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே சார்ஜ் ஏற்றிய செட்டைப் போட்டு ஆன் செய்து, ரெடி விளக்கு எரிந்த பிறகும் சில நிமிடம் விட்டுவிட்டு, முழு பவரில் ஐந்தாறு தடவை இடைவெளி விட்டு அடியுங்கள். பழைய வேகம் திரும்பிவிடும். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள்.

மாமாவின் ஃப்ளாஷ். தயவு செய்து அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றில் காலின் நடுப்பின்னிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தக் காலத்துக் கேமராவில் இருந்தது வெறும் உலோக ஸ்விட்ச், தாங்கியது. இன்றைய கேமராவில் எலக்ட்ரானிக் சர்க்யூட், போர்டே போய்விடலாம். முதலில் செல் போட்டு, கேமராவில் மாட்டாமல் ஆன் செய்து, ரெடி விளக்கு எரிந்ததும் நடுப்பின்னுக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். விரல் படாமல். 6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பயமில்லை. 24-க்கு மேல் என்றால் நினைவுப் பொருளாக அலமாரியில் இருக்கட்டும். இடைப்பட்டது என்றால் உங்கள் கேமரா எவ்வளவு தாங்கும் என்று மேனுவலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நண்பர் யாரிடமாவது கேனான் 200டி மார்க் 2 கேமரா வாங்கிச் சோதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்த மாடலின் ஷூவில் நடுப்புள்ளியே கிடையாது, மாமாவின் ஃப்ளாஷ் அதில் எப்படியும் அடிக்காது.

எந்த ஃப்ளாஷையும் நீங்களே திறக்காதீர்கள். கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கும், செல்லைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் நிற்கும். அது உயிருக்கே ஆபத்து. ரெடி விளக்கு எரிந்தும் டெஸ்ட் பட்டனுக்கு எந்தக் கோணத்திலும் அடிக்காமல் இருந்தால், கருகிய வாடை வந்தால், ட்யூபின் முனைகள் நன்றாகக் கறுத்திருந்தால் நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அங்கே "சில சமயம் அடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், 1/64 சோதனையில் என்ன ஆனது, எந்தக் கோணத்தில் விட்டது, எந்த செல் போட்டிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். சரிசெய்கிறவருக்கு அதில் பாதி நாள் மிச்சம்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால் இதே விவரங்களோடு கேமரா, ஃப்ளாஷ், ட்ரிகர் மூன்றின் மாடல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆவணிக்கு முன்பே எழுதுங்கள், உடனே பதில் போடுகிறேன்.